எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு மட்டும்தான் எழுதுகிறேன், இது பயிற்சியா?

கேள்வி: இளங்கலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஆறு வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சட்டமன்ற வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையாகப் போனேன். முதல் வாரம் முழுக்க மனு வாங்குவது, நோட்டில் எழுதுவது, ஜெராக்ஸ் எடுப்பது, இவ்வளவுதான். நேற்று எம்.எல்.ஏ.வின் உதவியாளர், கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேடு தாள்கள் சிலவற்றைக் கொடுத்து, “வர்றவங்களுக்கு இதுல சிபாரிசுக் கடிதம் அடிச்சுக் குடும்மா” என்றார். கட்சிக் கூட்டத்துக்கும் வரச் சொல்கிறார்கள். மறுத்தால் சான்றிதழ் தராமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மிச்சமுள்ள ஐந்து வாரத்தில் உருப்படியாக என்ன கற்றுக்கொள்ளலாம்? கல்லூரிக்கு என்ன அறிக்கை கொடுப்பது?

பதில்: முதலில் அந்த லெட்டர்பேடு. மற்றதெல்லாம் நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம், இது இன்றைக்கே முடிய வேண்டியது. கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளில் ஒரு வரிகூட அடிக்காதீர்கள். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன இருந்தாலும் அதற்கு எம்.எல்.ஏ. பொறுப்பு, அடித்தது யார் என்று விசாரணை வந்தால் விரல் உங்கள் பக்கம் நீளும். நிலத் தகராறிலோ, ஒருவரின் பணியிட மாறுதலிலோ, காவல் நிலையத்திலோ அந்தத் தாள் பின்னாளில் நீட்டப்படலாம். உதவியாளர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்று நினைக்க வேண்டாம். எம்.எல்.ஏ. கூட்டத்தொடருக்காகச் சென்னையில் இருக்கும் நாட்களில் வேலை நிற்கக் கூடாது என்று இப்படிச் செய்வது உண்டு. ஆனாலும் தவறு தவறுதான்.

மறுக்கும்போது வேலையை மறுக்காதீர்கள், தாளை மட்டும் மறுங்கள். “சார், நான் வெள்ளைத்தாள்ல டிராஃப்ட் அடிச்சுத் தர்றேன், நீங்க பார்த்துட்டு லெட்டர்பேடுல எடுத்துக்குங்க” என்று சொன்னால் அவருக்கும் பாதி வேலை முடிந்த மாதிரி. வரைவின் மேல் மூலையில் ‘வரைவு’ என்றும், தேதியும், மனுப் பதிவேட்டு எண்ணும் இருக்கட்டும். வாங்கிய லெட்டர்பேடு தாள்களை அவர் எதிரிலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தின் ஸ்கேன் படம் உங்கள் போனிலோ பென்டிரைவிலோ இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். இரண்டாவது முறையும் வற்புறுத்தினால் உங்கள் துறைப் பேராசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். சான்றிதழுக்காக இதில் இறங்கிப்போக வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று பணம். மனு கொண்டுவருபவர் ஜெராக்ஸுக்கு என்று இருபது ரூபாய் நீட்டினாலும் வாங்காதீர்கள். கடையைக் காட்டி அவரையே எடுத்து வரச் சொல்லுங்கள்.

இனி மனு. சலிப்புத் தட்டுவது புரிகிறது. ஆனால் எம்.எல்.ஏ.வின் கையில் இருக்கும் கருவிகள் என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். தாசில்தாருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ அவர் உத்தரவு போட முடியாது. கடிதம் எழுதலாம், போனில் கேட்கலாம், ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் கேட்கலாம், தொகுதி மேம்பாட்டு நிதியில் பணியைப் பரிந்துரைக்கலாம், அவையில் வினா எழுப்பலாம், துறைகளுக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். இவை எல்லாவற்றுக்கும் சரக்கு அந்த மனுக் கட்டிலிருந்துதான் வர வேண்டும். கோட்டையில் நடப்பதன் முதல் பாதி உங்கள் மேசையில் நடக்கிறது. அந்த நோட்டு இப்போது இருக்கும் நிலையில் அதற்கு உதவாது என்பதுதான் பிரச்சினை. ‘பெயர், ஊர், உதவி வேண்டி’ என்று மூன்று கட்டம் போட்டு எழுதினால் ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தாலும் அதிலிருந்து எதுவும் தெரியாது.

முதல் மாற்றத்தை அங்கே செய்யுங்கள். வரிசை எண், தேதி, பெயர், கைபேசி எண், வருவாய் கிராமம் அல்லது வார்டு, கோரிக்கை ஒரே வரியில், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள அலுவலர், ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அந்த விண்ணப்ப எண், நாம் அனுப்பிய கடிதத்தின் தேதி, அடுத்து எப்போது பார்க்க வேண்டும், முடிவு. பதினோரு கட்டம். கைபேசி எண்ணை எழுதிய பிறகு அவர் முன்னாலேயே திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் பிசகினால் அந்த மனு அத்தோடு செத்தது. ஊர்ப் பெயரில் குழப்பம் நிறைய வரும். அவர் சொல்வது குக்கிராமத்தின் பெயராக இருக்கும், ஆவணத்தில் வருவாய் கிராமத்தின் பெயர் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யூனிகோடில் அடியுங்கள். அலுவலகக் கணினியில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு இருந்தால், அதில் அடித்த பட்டியல் வேறு கணினியில் திறக்கும்போது புரியாத எழுத்தாக நிற்கும், ஊர்வாரியாக அகர வரிசைப்படுத்தவும் வராது. பழைய பட்டியல் அப்படித்தான் இருக்கிறது என்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, ஒற்றெழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு மனுவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் வருகிறார். “அப்பா இறந்துட்டாரு, நிலத்துக்குப் பட்டா மாத்தணும், தாலுகா ஆபீஸுக்கு நடையா நடந்து செருப்பு தேஞ்சுபோச்சு” என்கிறார். கையில் இருக்கும் மனுவில் சர்வே எண்கூட இருக்காது. இதை அப்படியே இணைத்து ‘ஆவன செய்யவும்’ என்று கடிதம் போனால், அங்கிருந்து ‘உரிய விவரங்களுடன் விண்ணப்பிக்க’ என்று திரும்பி வரும்; ஒரு மாதம் போயிருக்கும். நீங்கள் கேட்க வேண்டியவை: எந்த வட்டம், எந்த வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண். இ-சேவை மையத்தில் ஏற்கெனவே பதிவு செய்தாரா? செய்திருந்தால் நிராகரித்ததாக வந்த எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போனிலேயே கிடக்கும், அவருக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. போனை வாங்கிப் பாருங்கள். மொத்த நிலமும் அப்படியே பெயர் மாறுகிறதா, அல்லது பிரித்துக் கொடுக்க வேண்டுமா? பிரிக்க வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், தாமதம் பெரும்பாலும் அங்கேதான். வாரிசுச் சான்று கையில் இருக்கிறதா? கடைசியாக, கொஞ்சம் பக்குவமாகக் கேட்க வேண்டிய ஒன்று: அண்ணன் தம்பிகளுக்குள் சம்மதம் உண்டா? இல்லையென்றால் அது பங்காளித் தகராறு. எம்.எல்.ஏ. கடிதம் எத்தனை போனாலும் தாசில்தாரால் ஒன்றும் செய்ய முடியாது, சிவில் நீதிமன்றத்தில்தான் தீரும். இதை முதல் நாளே சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

இந்த விவரங்கள் கிடைத்தபின் கடிதம் எழுதுவது சுலபம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, விஷயம், இணைப்பு என்ற அரசுக் கடித வடிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொருள் வரியில் ‘பட்டா தொடர்பாக’ என்று மொட்டையாக விடாமல் கிராமம், சர்வே எண் இரண்டையும் கொண்டுவாருங்கள். கோப்பைப் பிரிக்கும் எழுத்தர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எந்த மேசைக்குப் போகிறது என்று தீர்மானிப்பார். பார்வை வரியில் பழைய விண்ணப்ப எண்ணும் தேதியும் வரட்டும். கடைசி வாக்கியத்தில் கவனம் தேவை. ‘உடனடியாகப் பட்டா வழங்குமாறு’ என்று எழுதக் கூடாது, தகுதி உண்டா என்பது நமக்குத் தெரியாது. ‘விதிகளின்படி பரிசீலித்து, எடுக்கப்பட்ட நடவடிக்கையை மனுதாரருக்கும் இவ்வலுவலகத்துக்கும் தெரிவிக்குமாறு’ என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

கடிதம் யாருக்குப் போகிறது என்பதில்தான் பாதி மனுக்கள் வழிதவறிப் போகின்றன. சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரைத் தொடும் சாலைகளில் ஒன்று தேசிய நெடுஞ்சாலையாக இருக்கும், ஒன்று மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக, ஒன்று ஊராட்சி ஒன்றியத்துடையதாக, ஒன்று ஊராட்சியுடையதாக. மக்களுக்கு எல்லாம் ‘ரோடு’. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மற்றவற்றை ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தெரியாமல் அனுப்பினால் ‘இச்சாலை இத்துறைக்கு உட்பட்டதல்ல’ என்று பதில் வரும். குடிநீரிலும் இதே கதைதான். தெருக்குழாய் உடைந்தால் ஊராட்சி அல்லது பேரூராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேலிருந்தே தண்ணீர் வரவில்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியம். பக்கத்து ஊருக்கும் வரவில்லையா என்று ஒரு கேள்வி கேட்டால் எது என்று புரிந்துவிடும்.

சில மனுக்களுக்குக் கடிதமே வேண்டியதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு எம்.எல்.ஏ. சிபாரிசு தேவை என்று இன்னும் நம்பிக்கொண்டு வருகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் இருந்தால் நேராகப் பதிவு செய்துகொள்ளலாம். கேந்திரிய வித்யாலயா பள்ளி இடத்துக்காக எம்.பி. கடிதம் கேட்டு வருபவர்களும் உண்டு, எம்.பி.க்களுக்குத் தலா 10 இடம் என்று இருந்த ஒதுக்கீடு 2022-லேயே போய்விட்டது. இப்படிப்பட்ட விவரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் உதவும். அரசு வேலை, பணியிட மாறுதல், போலீஸ் வழக்கு இந்த மூன்றையும் நீங்கள் வரைவு எழுதவே வேண்டாம், உதவியாளரிடம் தள்ளிவிடுங்கள்.

அனுப்பிய பிறகுதான் உண்மையான வேலை. நேரில் கொடுத்தால் இரண்டாவது நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கி வர வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்டால் ந.க. எண், அதாவது அந்த அலுவலகம் கோப்புக்குத் தரும் எண், கிடைக்கும். அந்த எண் வந்த பிறகுதான் மனுவுக்கு உயிர் வந்ததாக அர்த்தம். போன் செய்யும்போது “எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருந்து பேசுறேன், இதை முடிச்சுக் குடுங்க” என்று பேசாதீர்கள். நீங்கள் பயிற்சி மாணவி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, “இந்த ந.க. எண் இப்ப யார் மேஜையில இருக்கு, எதுக்காக நிக்குது?” என்று கேளுங்கள். அதிகாரத் தோரணை இல்லாத கேள்விக்கு எழுத்தர்கள் நன்றாகவே பதில் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டுப் பயனில்லை. அன்று மாவட்ட ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அலுவலர்கள் பலர் அங்கே இருப்பார்கள். உங்கள் பயிற்சி மே, ஜூன் மாதங்களில் நடந்தால் ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியின் தேதியை விசாரித்து வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் விரித்து வைக்கப்பட்டிருக்கும் அந்த நாட்களில், வருவாய்த் துறை மனுக்கள் மற்ற காலத்தைவிட வேகமாக நகரும்.

மனு கொடுத்தவரிடம் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதும் தொழிலில் ஒரு பாகம். “சொல்லிட்டோம், ஆயிடும்” என்பது இந்த அலுவலகங்களின் தேசிய கீதம். அது யாருக்கும் நல்லதல்ல. எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் கடிதம் போனது, எந்தத் தேதிக்கு மேல் இங்கே போன் செய்யலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆதார், குடும்ப அட்டை நகல்களை உங்கள் சொந்த போனில் படம் எடுக்காதீர்கள். ஆதார் தேவைப்படாத மனுவுக்கு அதை வாங்கவே வேண்டாம்; தேவை என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் பெரும்பாலும் போதும். மருத்துவ அறிக்கைகளைத் தனி உறையில் வையுங்கள்.

இப்போது நீங்கள் ஆசைப்பட்ட சட்டமன்ற வேலைக்கு வருவோம். இரண்டாம் வார முடிவில் உங்கள் பட்டியலை ஊர்வாரியாகவும் துறைவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். எங்கேயோ ஓரிடத்தில் குவியும். உதாரணத்துக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இல்லை என்ற மனு ஒரே ஒன்றியத்தின் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மனுவாக இருந்தவரை அது குறை. பட்டியலாகச் சேர்ந்துவிட்டால் அது சட்டமன்ற வினாவுக்கான பொருள்.

வினா எழுதுவதில் நம் உறுப்பினர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘மருத்துவரை நியமிக்க அரசு முன்வருமா?’ என்று முடிப்பார்கள். ‘முன்வருமா’ என்று கேட்டால் ‘அத்தகைய கருத்துரு எதுவும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை’ என்று ஒரே வரியில் அமைச்சர் முடித்துவிடலாம். தகவலைக் கேட்டால் அப்படித் தப்ப முடியாது. இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

(அ) இத்தொகுதியில் 24 மணி நேரமும் செயல்பட வேண்டிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் எத்தனை?

(ஆ) அவை ஒவ்வொன்றிலும் ஒப்பளிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை எந்தத் தேதி முதல் காலியாக உள்ளன?

(இ) காலியிடங்களை நிரப்ப எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கை என்ன, எந்தக் காலத்துக்குள் நிரப்பப்படும்?

ஒரு வினாவில் ஒரே விஷயம். வாதம், வசைச்சொல், ‘மக்கள் படும் துன்பம்’ போன்ற உணர்ச்சி வரிகள் இருந்தால் பேரவைச் செயலகத்தில் வெட்டுவார்கள் அல்லது திருப்புவார்கள். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம் கூடாது. மாநில அரசின் வரம்புக்குள் வர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை மேம்பாலத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்டுப் பயனில்லை, அதை எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மக்களவையில் வினாவுக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். சட்டமன்றத்துக்குத் தனி விதிகள் உண்டு. உதவியாளரிடம் பேரவை விதிகள் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, வினாக்கள் பற்றிய பகுதியை முழுதாகப் படித்துவிடுங்கள். விதி 55-ன் கீழ் கவன ஈர்ப்பு, விதி 110-ன் கீழ் அறிக்கை என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அநேகமாக அலமாரியில் தூசியோடு கிடக்கும்.

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், அதன் மேல் துணை வினா எழுப்பலாம். குறியிடாதவற்றுக்கு எழுத்தில்தான் பதில். நட்சத்திர வினா என்றால் அதோடு ஒரு துணை வினாக் குறிப்பும் தயார் செய்யுங்கள்: அமைச்சர் ‘ஆம்’ என்றால் அடுத்து என்ன கேட்பது, ‘இல்லை’ என்றால் என்ன, ‘பரிசீலனையில்’ என்றால் என்ன. அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், எழுந்து நிற்கும்போது எம்.எல்.ஏ.வின் கண் ஒரு நொடிதான் தாளில் படும். எண்களைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். அமைச்சர் ‘செய்து தரப்படும்’ என்று அவையில் சொல்லிவிட்டால் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருப்பதே இப்படிச் சொன்னவை நடந்தனவா என்று பார்ப்பதற்குத்தான்.

வினா ஏற்கப்படுமா, எப்போது வரும் என்பது உங்கள் ஆறு வாரத்துக்குள் தெரியாமல் போகலாம். வரைவு எழுதியதே பயிற்சி. ‘நான் எழுதிய கேள்வி’ என்று அதை இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். வினா ஏற்கப்பட்டு உறுப்பினர்களின் சுற்றுக்கு வரும் முன் வெளியே விளம்பரப்படுத்துவது அவை மரபுக்கு விரோதம், உறுப்பினருக்குத் தர்மசங்கடம்.

நிதிநிலை அறிக்கைக்குப் பிந்தைய காலம் என்றால் உங்கள் யோகம். துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும், ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். சில நூறு பக்கம் வரை போகும் அந்தக் குறிப்பை எம்.எல்.ஏ. முழுதாகப் படிக்க வாய்ப்பில்லை. போன ஆண்டின் குறிப்பையும் அறிவிப்புகளையும் பக்கத்தில் வைத்து, உங்கள் தொகுதிக்கு அறிவிக்கப்பட்டது எது, தொடங்கியது எது, இந்த ஆண்டுக் குறிப்பில் சத்தமில்லாமல் காணாமல் போனது எது என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள். மூன்றாவது வகைதான் தங்கம். பேச்சுக்குக் குறிப்பு எழுதச் சொன்னால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல் என்று கணக்கு வையுங்கள். ஐந்து நிமிடம் கிடைத்தால் நான்கு நிமிடத்துக்கு எழுதுங்கள். மிச்சத்தைக் குறுக்கீடு தின்றுவிடும்.

அவை நடக்காத காலமாக இருந்தால் தொகுதி மேம்பாட்டு நிதியைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.எல்.ஏ. பரிந்துரைப்பவர் மட்டுமே; பணம் அவர் கைக்கு வராது, மாவட்ட நிர்வாகம் வழியாகவே பணி நடக்கும். பரிந்துரை, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, முடிவு என்று ஒவ்வொரு பணிக்கும் தேதி போட்டு ஓர் அட்டவணை தயாரியுங்கள். எங்கே தேதி இல்லாமல் கட்டம் காலியாக நிற்கிறதோ அங்கே சிக்கல். பெரும்பாலும் இடப் பிரச்சினையாக இருக்கும்: சமுதாயக் கூடத்துக்குக் காட்டிய இடம் நீர்நிலை என்று பதிவாகியிருக்கிறது, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் தடையாணை வாங்கியிருக்கிறார். பணி நடக்கும் இடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் படம் எடுத்து வாருங்கள். தேதியும் இடமும் படத்தில் பதிவாகட்டும்.

கட்சிக் கூட்டத்துக்குப் போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நீங்கள் சேர்ந்தது சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில். “காலேஜ்ல அனுமதி இல்லை சார்” என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். உங்கள் பதிவேட்டில் இருக்கும் பிரச்சினைகள் அங்கே எப்படிப் பேசப்படுகின்றன, தீர்மானப் புத்தகத்தில் எப்படி ஏறுகின்றன என்று பார்த்தாலே நிறையப் புரியும். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் அரசு கட்டிக்கொடுத்த எம்.எல்.ஏ. அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்த ஆபத்து இருக்கும் காலமாக இருந்தால் மீதி வாரங்களை எப்படி ஈடுகட்டுவது என்று கல்லூரியில் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

சின்னப் பெண், கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் போஸ்டர் டிசைனும் முகநூல் பதிவும் உங்கள் தலையில் விழும். மொத்தமாக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து எதையும் போடாதீர்கள், உதவி வாங்க வந்தவரின் முகம் தெரியும் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பதிவேற்றாதீர்கள். நோயாளி, போலீஸ் புகாரோடு வந்த பெண், இவர்கள் படம் சம்மதம் இருந்தாலும் வேண்டாம். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது தின்கிறது என்றால் உதவியாளரிடம் பதிவேட்டைக் காட்டி, “சார், இந்த வாரம் திருப்பிப் பார்க்க வேண்டிய மனு இவ்வளவு நிக்குது” என்று சொல்லுங்கள். வேலையைக் காட்டி வேலையை மறுப்பதே நல்லது.

கல்லூரி அறிக்கையில் ‘அரிய அனுபவம் கிடைத்தது’ என்ற பக்கங்களை விட்டுவிடுங்கள், பேராசிரியரே படிக்க மாட்டார். மனுக்கள் துறைவாரியாக எத்தனை, எத்தனை நாளில் பதில் வந்தது என்ற அட்டவணை ஒன்று. ஒரே ஒரு மனு எந்தெந்த மேசை வழியாகப் போனது, எங்கே நின்றது, ஏன் என்று விரிவாக ஒன்று. நீங்கள் எழுதிய வினா வரைவும் அதன் பின்னணியும். நிதிப் பணிகளின் அட்டவணை. பெயர், கைபேசி எண், சர்வே எண் எதுவும் வரக் கூடாது. சின்ன ஊர் என்றால் ஊர்ப் பெயரையும் மாற்றுங்கள். சமர்ப்பிக்கும் முன் உதவியாளரிடம் ஒரு பிரதி காட்டுங்கள். அவர் நீக்கச் சொல்வது மனுதாரரைக் காப்பாற்றும் தகவல் என்றால் நீக்குங்கள். அலுவலகத்தைக் காப்பாற்றும் புள்ளிவிவரம் என்றால் பேராசிரியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வேலை பிடித்துப்போனால், பட்டம் முடித்தபின் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தும் லாம்ப் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2010-லிருந்து நடக்கிறது. டெல்லியில் ஓர் எம்.பி.யோடு மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி நிதிநிலைக் கூட்டத்தொடர் வரை வேலை. அங்கே கேட்கப்படும் எழுத்து மாதிரிக்கு மேலே சொன்ன இரண்டு பக்கக் குறிப்பு நல்ல ஒத்திகை.

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காதீர்கள், அன்றைக்குப் பார்த்து எம்.எல்.ஏ. ஊரில் இருக்க மாட்டார். நான்காம் வாரத்திலேயே வாசகத்தை நீங்களே வெள்ளைத்தாளில் அடித்துக் கொடுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை. மணிக்கணக்குக்கு ஆதாரமாகத் தினக்குறிப்பில் வாரம் ஒருமுறை உதவியாளரின் சுருக்கொப்பம் இருந்தால் கல்லூரியில் கேள்வி வராது. கடைசி இரண்டு நாளில் முடிவு வராத மனுக்களை மட்டும் தனியாக ஒரு பட்டியல் எடுங்கள்: ந.க. எண், இப்போது எந்த மேசை, அடுத்து யார் எப்போது கேட்க வேண்டும். உதவியாளரிடம் ஒன்று, அலுவலகக் கணினியில் ஒன்று. அதன்பிறகு உங்கள் போனில் சேர்ந்திருக்கும் மனுதாரர்களின் எண்களையும் படங்களையும் அழித்துவிடுங்கள். கிளம்பிய பிறகும் சிலர் உங்களையே கூப்பிடுவார்கள். அலுவலக எண்ணையும், அவர்கள் மனுவின் பதிவேட்டு எண்ணையும் சொல்லி அங்கே பேசச் சொல்லுங்கள்.